ஏறியது எந்தச் சக்கரம்

மனைவி செல்லக்கிளியின் மேல் ஏறியது ஒரு லாரி என்றுதான் சாமிக்கண்ணு நினைத்துக்கொண்டிருந்தான். அது இரண்டு என்பது அவனுக்கு இரண்டு மாதம் கழித்து, வக்கீல் சொல்லித்தான் தெரிந்தது.

எண்பத்து மூன்றாம் வருஷம் தை மாதம். காலை ஆறு மணி, பனி விலகவில்லை. வழக்கம்போல் செல்லக்கிளியை சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து மிதித்துக்கொண்டு வந்தான். அவளை டவுன்ஷிப்பின் பதினேழாம் வட்டத்தில் இறக்கிவிட்டால் நான்கு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டுப் பன்னிரண்டு மணிக்கு நடந்து வந்துவிடுவாள். அவன் அப்படியே கான்ட்ராக்ட் வேலைக்குப் போய்விடுவான். பண்ருட்டி ரோட்டு வளைவில் பின்னால் ஹாரன் கேட்டது. ஓரத்து மண்ணில் சக்கரம் சறுக்கியது. அவன் இடப்பக்கம் மண்ணில் விழுந்தான். அவள் வலப்பக்கம் தாரில் விழுந்தாள்.

மெட்ராஸிலிருந்து ஏதோ பெரிய இரும்புச் சாமானை ஏற்றிக்கொண்டு வந்த டிரெய்லர் அது. இருபத்தாறு சக்கரம். நிற்பதற்கே ஐம்பது கஜம் ஆயிற்று.

வந்த போலீஸ்காரர் முதலில் சாமானுக்குச் சேதமில்லை என்று எழுதிக்கொண்டார். பிறகு, சைக்கிளில் டபுள்ஸ் வந்தது குற்றம் என்று எழுதினார். அந்தக் குற்றத்துக்கு சாமிக்கண்ணு கோர்ட்டில் பத்து ரூபாய் அபராதம் கட்டினான். ஆக, இந்த விபத்தில் முதன்முதலாகப் பணம் கட்டியவன் அவன்தான்.

லாரி டிரைவர் வெள்ளைச்சாமி ஓடிப்போகவில்லை. ஜாமீனில் வந்த மறுநாளே விசாரித்துக்கொண்டு சாமிக்கண்ணு இருந்த காலனிக்கு வந்து சேர்ந்தான். சாத்தூர்ப் பக்கத்து ஆள். உள்ளே வரமாட்டேன் என்று வாசலிலேயே குத்தவைத்து உட்கார்ந்துகொண்டான். சாமிக்கண்ணுவின் மகள் புஷ்பவல்லி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். பன்னிரண்டு வயசு. அவன் அந்தச் சொம்பைத் தொடவில்லை.

"அண்ணே, முன்னால ஒரு குலுக்கல். பின்னால ஒரு குலுக்கல். ரெண்டும் எனக்குத் தெரிஞ்சதுண்ணே. எந்தக் கோர்ட்டுல கேட்டாலும் சொல்லுவேன்."

அவனை வைய வேண்டும் என்று சாமிக்கண்ணு நாலு நாளாகச் சேர்த்துவைத்திருந்த சொற்களில் ஒன்றுகூட அப்போது வாயில் வரவில்லை.

வக்கீல் கருணாகரன் ஆபீஸ் கடைத்தெரு மாடியில் இருந்தது. நல்ல மனுஷன்தான். கேஸ் தோற்றுத் தோற்றுச் சலித்த முகம். மேஜைமேல் தீப்பெட்டி ஒன்றையும் மூக்குக்கண்ணாடிக் கூடு ஒன்றையும் ஒட்டவைத்து விளக்கினார்.

"இது இழுக்கிற முன்வண்டி. இதுக்கு ஒரு நம்பர், ஒரு இன்சூரன்ஸ். சர்வமங்களா கம்பெனி. இது இழுபடுற பின்வண்டி. இதுக்கு வேற நம்பர், வேற இன்சூரன்ஸ். தீர்க்காயுள் கம்பெனி. ரெண்டும் சேர்ந்து போனா நமக்குத்தான் ஒரு லாரி. சட்டத்துக்கு ரெண்டு."

"எம் பொஞ்சாதி ஒண்ணுதானுங்களே."

"அதான் சிக்கல். யார் தப்பா இருந்தாலும் உயிர்போனா உடனே பதினஞ்சாயிரம் குடுக்கணும்னு இப்போ சட்டம் வந்திருக்கு. அதுக்கு மேல நஷ்டஈடு தனி. ஆறு மாசத்துக்குள்ள மனு போடணும். போடுவோம். போய் ரெண்டு கம்பெனியையும் ஒரு தடவை பார்த்துட்டு வா."

சர்வமங்களா அதிகாரி மிகவும் மரியாதையானவர். சாமிக்கண்ணுவை நிற்கவைத்துப் பேசுவது சரியில்லை என்று தானும் எழுந்து நின்றுகொண்டார்.

"எங்க வண்டி ஏறியிருந்தா நீங்க வரவே வேணாம். நாங்களே வீடு தேடி வந்து குடுப்போம். அதுதான் எங்க கொள்கை. ஆனா ஏறலையே. முன்வண்டி சைக்கிளைத் தாண்டிப் போனப்புறம்தான் உங்க சம்சாரம் விழுந்திருக்காங்க. கொஞ்சம் முன்னாடி விழுந்திருந்தா எங்களுக்கும் உதவி பண்ண ஒரு வாய்ப்பு கிடைச்சிருக்கும்."

"சட்டப்படி பதினஞ்சாயிரம்னு வக்கீல் சொன்னாருங்க..."

"கண்டிப்பா. யார் மேலயும் தப்பில்லைன்னாலும் குடுக்கணும்னு இருக்கு. யார் குடுக்கணும்னு இல்லையே."

தீர்க்காயுள் அதிகாரி அவ்வளவு மரியாதை பார்க்கவில்லை. ஆனால் மனசுவிட்டுப் பேசினார்.

"இதோ பாருப்பா. எங்க பின்வண்டிக்கு இஞ்சின் கிடையாது. ஸ்டியரிங் கிடையாது. டிரைவர் கிடையாது. அதை ரோட்டுல தனியா விட்டா நூறு வருஷம் ஆனாலும் அதே இடத்துல நிக்கும். நகராத வண்டி யார் மேல ஏறும்? எங்களையும்தான் இழுத்துக்கினு போயிருக்காங்க. யோசிச்சுப் பார்த்தா, அன்னைக்கு அந்த முன்வண்டியால பாதிக்கப்பட்டது ரெண்டு பேரு. ஒண்ணு உன் சம்சாரம். இன்னொண்ணு நாங்க."

சாமிக்கண்ணு கைகூப்பிவிட்டு வந்தான். படியிறங்கும்போது, அந்தக் கம்பெனிக்காகத் தான் எதுவும் ஆறுதல் சொல்லாமல் வந்துவிட்டோமோ என்றுகூட அவனுக்கு ஒரு கணம் தோன்றியது.

அடுத்து, செல்லக்கிளி சம்பாதித்தாள் என்பதற்கு ஆதாரம் வேண்டும் என்றார்கள். நான்கு வீட்டு வாசலிலும் போய் நின்றான். ஒரு வீட்டில், அப்படி ஒருத்தி வேலைக்கு இருந்ததே நினைவில்லை என்றார்கள். இரண்டு வீட்டில், சார் ஷிப்டு முடிந்து வரட்டும் என்றார்கள். அந்த ஷிப்டுகள் முடியவே இல்லை. ஜானகியம்மாள் மட்டும் கண்ணீர் விட்டு, உள்ளே போய் ஒரு கடிதம் எழுதிக்கொண்டு வந்தாள். கருணாகரன் அதைப் படித்துக் காட்டினார். "செல்லக்கிளி எங்கள் குடும்பத்தில் ஒருத்திபோல் அன்பாகப் பழகிவந்தாள்" என்று இருந்தது. சம்பளத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"எழுதினா அவருக்கு ஆபீஸ்ல ஏதாவது வந்துடுமோன்னு பயமா இருக்குப்பா," என்று ஜானகியம்மாள் முன்பே சொல்லியிருந்தாள். "அதுக்காக உன்னை விட்டுட மாட்டேன். உம் பொண்ணை நிறுத்திடாதே. அவ அம்மா வேலையை அவளே பார்க்கட்டும்."

காரியம் முடிந்த மறுநாளிலிருந்தே புஷ்பவல்லி போய்க்கொண்டுதான் இருந்தாள். அதே நான்கு வீடு. அம்மாவின் தேங்காய் நார், அம்மாவின் சாம்பல் கிண்ணம். தொட்டி உயரமாக இருந்ததால் ஒரு செங்கல்லைப் போட்டு ஏறி நின்றுகொண்டாள்.

அது கம்பெனிகளுக்குத் தெரிந்துவிட்டது. சமரசப் பேச்சுக்கு என்று கூப்பிட்டபோது இரண்டு அதிகாரிகளும் ஒரே மேஜையில் இருந்தார்கள். எந்த வண்டி என்பதில்தான் அவர்களுக்குள் தகராறு. எவ்வளவு என்பதில் அண்ணன் தம்பிபோல் இருந்தார்கள்.

"அந்தம்மா மாசம் நூத்திருபது ரூபா சம்பாதிச்சாங்கன்னே வச்சுக்குவோம்," என்றார் தீர்க்காயுள் அதிகாரி. "அதுல அவங்க சாப்பாடு, சேலை, தலைக்கு எண்ணெய், காய்ச்சல் வந்தா மாத்திரை எல்லாம் போகணுமில்ல?"

"அவ காய்ச்சல்னு படுத்ததில்லீங்க."

"சரி, மாத்திரையை விட்டுடுவோம்," என்று பெருந்தன்மையாக அடித்துவிட்டார். "மீதி நாப்பது ரூபா. இப்போ அதே வீட்டுல உம் பொண்ணு வேலை பார்க்குது. அதே சம்பளம். சின்னப் பொண்ணு, சாப்பாடும் கம்மி. நான் கேக்கறேன்னு தப்பா நினைக்காதே. இதுல உனக்கு நஷ்டம் எங்க இருக்கு?"

சர்வமங்களா அதிகாரி வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "பார்க்கப்போனா ஒரு ஆள் சாப்பாடு மிச்சம். இதை நாங்க கோர்ட்டுல சொல்லமாட்டோம். சொன்னா உங்களுக்குத்தான் கஷ்டம்."

சாமிக்கண்ணு தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மகள் சோற்றைக் குறைத்துப் போட்டுக்கொள்வதை அவனும் கவனித்திருந்தான். அது கணக்கில் வரவாக எழுதப்படும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை.

வெளியே வந்ததும் கருணாகரன் சொன்னார். "பொண்ணை வேலைக்கு அனுப்பாதே. நாளையிலேருந்து நிறுத்து."

"அப்புறம் வூட்டுல உலை வைக்கிறது எப்பிடிங்க?"

"நஷ்டம் வேணும்னா நஷ்டப்படணும்ப்பா. பள்ளிக்கூடத்துல போடு. படிக்கிற பிள்ளைன்னா செலவும் காட்டலாம்."

அப்படித்தான் புஷ்பவல்லி மறுபடி பள்ளிக்கூடம் போனாள். அஞ்சாங்கிளாஸோடு நின்றவளை ஆறாவதில் உட்காரவைத்தார்கள். அவள் தலை மற்றப் பிள்ளைகளுக்கு மேலே தெரிந்தது. வாத்தியார்கள் அதைப் பற்றிப் பேசினார்கள், அவள் கவலைப்படவில்லை. கண்ணில் பட்டதையெல்லாம் சத்தமாகப் படித்தாள். பஸ் போர்டு, பருப்பு கட்டி வந்த தாள், தகப்பன் சட்டைப்பையில் மடித்து வைத்திருக்கும் சம்மன். சாமிக்கண்ணு ஞாயிற்றுக்கிழமைகளிலும் முந்திரித் தோப்பில் கூலிக்குப் போனான். ராத்திரி ஒருவேளைதான் அடுப்பு மூட்டினார்கள். ஆனால் மகள் படிக்கிற சத்தம் வீட்டில் இருந்தது.

வழக்கு பதினாலு மாதம் ஆனபோது, இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து ஸ்தல ஆய்வு வைத்தன. அதே வளைவு, அதே டிரெய்லர். பாரம் மட்டும் இல்லை. சக்கரங்கள் தேய்ந்துவிட்டதால் இருபத்தாறும் புதுசாக மாற்றப்பட்டிருந்தன. ஓட்டி வந்தவன் வேறு டிரைவர். வெள்ளைச்சாமியை வேலையைவிட்டு நீக்கியிருந்தார்கள். அவனைச் சாட்சியாக அழைக்கக் கூடாது என்பதில் இரண்டு கம்பெனிகளும் ஒத்துப்போயிருந்தன. சம்பவ இடத்தில் இருந்தவன் என்பதால் அவன் பாரபட்சமாகப் பேசக்கூடும் என்று எழுத்துமூலம் ஆட்சேபித்திருந்தார்கள்.

உச்சிவெயில். அதிகாரிகளுக்குப் பியூன்கள் குடை பிடித்தார்கள். சாக்குக்கட்டியால் தாரில் கோடு போட்டார்கள். பிறகு அளவு பார்க்க ஓர் உடம்பு தேவைப்பட்டது. எல்லோரும் சாமிக்கண்ணுவைப் பார்த்தார்கள்.

"கொஞ்சம் படுங்க," என்றார் சர்வமங்களா அதிகாரி. "சட்டை அழுக்காகும். துண்டை விரிச்சுக்கலாம்."

படுத்தான். தார் முதுகில் சுட்டது.

"அந்தம்மா அஞ்சடி. இவரு அஞ்சடி நாலங்குலம். முழங்காலை மடக்கச் சொல்லுங்க."

மடக்கினான்.

"தலை எந்தப் பக்கம் இருந்தது?"

"பார்க்கலீங்க. நான் அந்தாண்ட விழுந்து கெடந்தேன்."

"சரி, ரெண்டு பக்கமும் பார்த்துடுவோம்."

வண்டி மெல்ல நகர்ந்து வந்தது. முன்சக்கரம் அவன் காதுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. அவன் தலையை இழுத்துக்கொண்டான். மேலே குனிந்து பார்த்த தீர்க்காயுள் அதிகாரி தைரியம் சொன்னார்: "பயப்படாதே. வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கு."

புது ரப்பர் நாற்றம் அடித்தது. அந்தச் சக்கரம் வானத்தையே மறைத்துக்கொண்டு நிற்பதை சாமிக்கண்ணு பார்த்தான். அவள் பனியில் பார்த்திருப்பாள். இதைவிடக் கிட்டத்தில் பார்த்திருப்பாள். அப்போது அவள் தன்னைக் கூப்பிட்டாளா என்று ஒரு வருஷத்துக்கு மேலாக யோசித்துக்கொண்டிருந்தான். இந்த இடத்தில் படுத்தவர்களுக்குக் கூப்பிட நேரம் இருக்காது என்பது தெரிந்தது. அந்த ஆய்வில் யாருக்காவது ஏதாவது தெரிந்தது என்றால் அது மட்டும்தான்.

அறிக்கையில் இப்படி எழுதினார்கள்: மனுதாரர் படுத்த நிலையில் முழு ஒத்துழைப்பு நல்கினார். எனினும், சம்பந்தப்பட்டவர் நேரில் வராததால் எந்தச் சக்கரம் என்பது முடிவாகவில்லை.

அதற்குப் பிறகு ஒன்பது மாதம் வாய்தா. எண்பத்தைந்தாம் வருஷத் தொடக்கத்தில் இரண்டு கம்பெனித் தலைமையகங்களுக்கும், தேங்கிய கோப்புகளைக் குறைக்கச் சொல்லி மேலே இருந்து உத்தரவு வந்தது. உடனே சமரசம் கனிந்தது. ஏறியது எந்தச் சக்கரம் என்ற கேள்வியை இருவரும் கௌரவமாகக் கைவிடுவது. நல்லெண்ண அடிப்படையில் ஆளுக்கு மூவாயிரம் கொடுப்பது. கொடுப்பதை விழாவாக நடத்துவது.

"சட்டப்படி வரவேண்டியதுல பாதிகூட இல்ல," என்றார் கருணாகரன். "ஆனா கையில காசு. வேணாம்னா கோர்ட்டுல இன்னும் நாலு வருஷம் ஆகலாம். உன் இஷ்டம்."

மளிகைக் கடையில் பாக்கி நின்றது. கூரை மாற்றி இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. சாமிக்கண்ணு சரி என்றான்.

கல்யாண மண்டபத்தில் விழா. வாசலில் வாழைமரம் கட்டி மைக்செட் வைத்திருந்தார்கள். "நிவாரணத் திருவிழா" என்று துணியில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். புஷ்பவல்லி அதையும் சத்தமாகப் படித்தாள். சாமிக்கண்ணுவை மேடையில் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். மாலை போட்டார்கள். கழற்றலாமா கூடாதா என்று தெரியாமல் அப்படியே இருந்தான். போட்டோ பிடிப்பவருக்குப் பதினோரு மணிக்கு வேறொரு கல்யாணம் இருந்ததால் முதலில் போட்டோ எடுத்துவிடச் சொன்னார்கள். ஒரு பழுப்புக் கவரை இரண்டு மேலாளர்களும் ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்து நீட்ட, சாமிக்கண்ணு வாங்கினான். பளிச்சென்று வெளிச்சம் அடித்தது. கவரைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். செக்கு, ரசீதில் கைரேகை வைத்த பிறகுதான்.

தீர்க்காயுள் மண்டல மேலாளர் பேசினார்:

"அன்பர்களே! இந்த அம்மையார் அன்று காலை அந்த வழியாகச் சென்றிருக்காவிட்டால் இன்று நாம் இங்கே கூடியிருக்க முடியுமா? முடியாது. இரு பெரும் நிறுவனங்கள் ஒரே மேடையில் கைகோத்து நிற்பதற்கு ஓர் ஏழைப்பெண் காரணமாக இருந்திருக்கிறார். அவர் புண்ணியவதி."

சர்வமங்களா மண்டல மேலாளர் அதைவிட உருக்கமாகப் பேசினார்:

"விபத்து என்பது இரு தரப்புக்கும் இழப்பு. அவர்கள் இழந்தது ஓர் உயிர். நாங்கள் இழந்தது இரண்டு வருடம், நானூறு பக்கம். அவர்களாவது அழுது ஆற்றிக்கொள்ளலாம். எங்களால் அழ முடியுமா? இருந்தும் சொல்கிறேன், எங்கள் நிறுவனம் இதுவரை எந்தக் குடும்பத்தையும் கையெழுத்து வாங்காமல் கைவிட்டதில்லை!"

கைதட்டினார்கள்.

குடும்பத்தின் சார்பில் மகள் நன்றிக் கடிதம் வாசிப்பாள் என்று அறிவித்தார்கள். குமாஸ்தா ஒரு கோப்பைத் திறந்து அவள் கையில் கொடுத்துவிட்டு, சாமிக்கண்ணுவின் இடது கட்டைவிரலைப் பிடித்து மை தடவப் போனார். கோப்பில் இரண்டு தாள் இருந்தன. புஷ்பவல்லிக்கு மேலே இருந்ததைப் படிப்பதா கீழே இருந்ததைப் படிப்பதா என்று யாரும் சொல்லவில்லை. எழுத்து பெரிதாக இருந்த தாளை எடுத்தாள். மைக்கைப் பார்த்து, பள்ளிக்கூடத்தில் படிப்பதுபோல் நிறுத்தி நிறுத்திப் படித்தாள்.

"மேற்படி செல்லக்கிளி என்பவர், சைக்கிளின் பின்புறம் சட்டவிரோதமாகவும் அஜா... அஜாக்கிரதையாகவும் அமர்ந்து வந்து, தன் சொந்தக் கவனக்குறைவால் தானே கீழே விழுந்து, மேற்படி வாகனங்களுக்கு அருகில் இறந்துபோனார். அதில் மேற்படி வாகனங்களின் எந்தப் பகுதிக்கும் எவ்விதச் சம்பந்தமும் இல்லை என்பதை நான் மனப்பூர்வமாக ஒப்புக்கொண்டு, மேற்படி தொகையை முழு மனநிறைவுடன் பெற்றுக்கொள்கிறேன்."

படித்து முடித்ததும் கூட்டம் கைதட்டியது. பிள்ளை தடுமாறாமல் படித்தது என்று முன்வரிசையில் ஒருவர் பாராட்டினார். மேலாளர்கள் மட்டும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் மைக்செட்காரருக்குக் கையைக் காட்டினார். அவர் அவசரமாக தேசிய கீதத்தைப் போட்டார்.

எல்லோரும் எழுந்து அசையாமல் நின்றார்கள். சாமிக்கண்ணுவும் நின்றான். மை தடவிய விரலை எங்கே வைப்பதென்று தெரியாமல் நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தான். பக்கத்தில் மகள், தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, நேராக நின்றாள். கீதம் முடிந்தபோது மை காய்ந்திருந்தது.

"அப்பிடியா போட்டிருக்கு?" என்று குனிந்து கேட்டான்.

"ஆமாம்பா. அம்மாவே வுழுந்துட்டாங்களாம். லாரி ஒண்ணும் பண்ணலியாம்."

குமாஸ்தா மைப்பெட்டியோடு மறுபடி வந்தார். "விரலைக் குடுங்க. இன்னொரு தடவை தடவிடலாம்."

"வேணாங்க."

"என்னப்பா வேணாங்கற? ஆறாயிரம்!"

"தெரியுங்க." மாலையைக் கழற்றி நாற்காலிமேல் வைத்தான். "அவ அஜாக்கிரதையா ஒக்காருற பொம்பள இல்லீங்க. என் இடுப்பை இறுக்கிப் புடிச்சிகினுதான் வருவா. நான்தான் சறுக்குனேன். லாரிதான் ஏறுச்சு. அதை மாத்தி எழுதிக்கினு வாங்க, ரேகை வைக்கறேன்."

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். பந்தியில் அவர்கள் இருவருக்கும் போட்டிருந்த இலைகளில் வேறு யாரோ உட்கார்ந்தார்கள்.

வழக்கு மறுபடி கோர்ட்டுக்குப் போயிற்று. முதல் வாய்தாவிலேயே கம்பெனி வக்கீல் ஒரு போட்டோவை நீதிபதியிடம் நீட்டினார். மாலை போட்டுக்கொண்டு, இரண்டு மேலாளர்களுக்கு நடுவில், கவரை வாங்கிக்கொண்டிருக்கும் சாமிக்கண்ணு. வெளிச்சம் கண்ணில் அடித்துக் கூசியதில், பார்ப்பதற்குச் சிரிப்பதுபோல் இருந்தது.

"கனம் நீதிபதி அவர்களே, மனுதாரர் ஏற்கெனவே பெற்றுக்கொண்டு மகிழ்ந்திருக்கிறார்."

நீதிபதி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "இது நீதானா?"

"நான்தானுங்க."

"கவரை வாங்கினாயா?"

"வாங்கினேங்க. வெறும் கவருங்க. உள்ள ஒண்ணுமில்ல. அப்பவே திருப்பியும் வாங்கிக்கினாங்க."

நீதிபதி தட்டச்சர் பக்கம் திரும்பாமலே சொல்லிக்கொண்டு போனார். தட்டச்சர் அடித்தார். மின்விசிறிச் சத்தத்தில் எழுத்துகள் விழும் சத்தம் மட்டும் கேட்டது. கருணாகரன் அடுத்த கேஸ் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

சாட்சிக் கூண்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்த புஷ்பவல்லி, மிஷினிலிருந்து மேலே ஏறிவரும் தாளை வாய்க்குள் படித்தாள். பிறகு வாய்விட்டுப் படித்தாள்.

"மனுதாரர் கவரைப் பெற்றுக்கொண்டதாக ஒப்புக்கொள்கிறார்."

டவாலி அதட்டினான். அவள் பின்வாங்கவில்லை. தாளின்மேல் விரலை வைத்துக்காட்டி, தட்டச்சரிடம் சொன்னாள்:

"சார், 'வெறும்' விட்டுப்போச்சு."

தட்டச்சர் நிமிர்ந்து நீதிபதியைப் பார்த்தார். நீதிபதி போட்டோவைப் பார்த்தார். அப்புறம் அந்தப் பெண்ணைப் பார்த்தார்.

"சேர்த்துக்கோ," என்றார்.

தட்டச்சர் முணுமுணுத்துக்கொண்டே தாளைப் பின்னுக்கு உருட்டி, இரண்டு வரிகளுக்கு நடுவே கிடந்த சிறு இடத்தில், அந்தச் சொல்லை ஒவ்வோர் எழுத்தாக அடித்தார். அது முழுசாக விழும்வரைக்கும் புஷ்பவல்லி விரலை எடுக்கவில்லை.